மீண்டது என்று நான் குறித்த கோடுகள்

வீட்டில் என் வேலையை யாருக்கும் ஒழுங்காக விளக்க முடிந்ததில்லை. "கம்ப்யூட்டர்ல கோடு பாக்குறான்" என்றுதான் அம்மா பக்கத்து வீட்டில் சொல்வார். மலேசியாவில், பினாங்கு மாநிலத்துச் சுங்கை பாக்காப்பில் எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை போனவன் நான் ஒருவன்தான். அப்பா ஆறாம் வகுப்போடு செம்பனைக் காட்டுக்குப் போனவர். அம்மா அதற்கும் முன்பே நின்றுவிட்டார். புவியியல் படித்துவிட்டு ஜார்ஜ்டவுனில் ஏர்கான் போட்ட ஆபீசில் வேலை என்றதும் பெரிய மேசையும் கையெழுத்து போடும் பேனாவும் அவர்கள் கண்ணில் தெரிந்திருக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அப்பா கேட்டார்.

"கோட்டப் பாத்து என்னாடா செய்வே?"

"அதுல மரம் மொளச்சிருக்கா இல்லியான்னு சொல்லணும்பா."

"எங்க உள்ள மரம்?"

"கனடாவுல."

"ஏன், கனடாக்காரனுக்குக் கண்ணு இல்லியா?"



கனடாவின் வடக்குக் காடுகளில் கேரிபூ என்று ஒரு மான் இருக்கிறது. பெரிய கொம்பு, அகன்ற குளம்பு, கூச்ச சுபாவம். முதிய காட்டின் நடுவில், மற்ற விலங்குகள் அதிகம் வராத சதுப்பு இடங்களில் ஒதுங்கி வாழ்வதுதான் அதற்குப் பாதுகாப்பு. ஒரு காலத்தில் பூமிக்கடியில் எண்ணெய் இருக்கிறதா என்று தேடியவர்கள், இயந்திரங்களைக் கொண்டுபோக அந்தக் காட்டில் நேர்நேராகக் கோடு போட்டு மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனார்கள். எண்ணெய் தேடியவர்கள் போன பிறகும் கோடுகள் அப்படியே கிடந்தன. ஓநாய்களுக்கு அவை நெடுஞ்சாலை. புதருக்குள் முட்டி மோதி நடந்த ஓநாய், இப்போது நேராக ஓடி கேரிபூவின் கன்று இருக்கும் இடத்துக்கே வந்துவிடுகிறது.

அதனால் அந்தக் கோடுகளை மூடும் வேலை நடக்கிறது. மண்ணைக் குவித்து மேடு கட்டி அதில் மரக்கன்று நடுகிறார்கள், ஓநாய் ஓட முடியாதபடி குறுக்கே மரங்களைச் சாய்த்துப் போடுகிறார்கள். ஆனால் கோடுகள் ஏராளம். எதில் மரம் தானாகவே வந்துவிட்டதோ அதை விட்டுவிடலாம். எதில் வரவில்லையோ அங்கேதான் ஆள் அனுப்ப வேண்டும். அதைப் பிரித்துச் சொல்ல யாராவது வானிலிருந்து எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அந்த 'யாராவது', ஃபெர்ரி துறையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த நாங்கள் பதினெட்டுப் பேர். தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் இருந்தோம். பனியை நேரில் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

திரையில் ஒரு கோடு வரும். கீழே இரண்டு பொத்தான்கள். 'மீண்டது', 'மீளவில்லை'. ஒரே கோட்டை மூன்று பேர் தனித்தனியாகப் பார்ப்போம். யார் அந்த மற்ற இருவர் என்று யாருக்கும் தெரியாது, கணினிதான் பிரித்துக் கொடுக்கும். இருவர் சொன்னது எதுவோ அதுவே விடை. ஒத்துப்போகாத மூன்றாமவனுக்குத் தவறு என்று பதிவாகும். ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் ஒரு பட்டை. நன்றாகச் செய்தால் பச்சை, கொஞ்சம் சறுக்கினால் மஞ்சள், பிறகு சிவப்பு. எட்டு மாதமாக என் பட்டை பச்சையைவிட்டு இறங்கியதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒரு படம் வெள்ளையாகத் திறந்தது. முழுதாக இறங்கவில்லை போலிருக்கிறது என்று பெரிதாக்கிப் பார்த்தேன். பனி. வழக்கமாக எங்களுக்குக் கோடைக்காலப் படம்தான் வரும். ஏதோ கோளாறில் குளிர்காலப் படம் வந்துவிட்டது. வெள்ளைப் பரப்பில் கறுப்புக் கறுப்பாக ஊசியிலை மரங்கள். அவற்றின் நடுவே, தலையில் வகிடு எடுத்தது மாதிரி, ஒரு வெள்ளைக் கோடு. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லை.

கோட்டின் எண்ணைப் பார்த்தேன், தெரிந்த இடம். போன வாரம் அதை நான் 'மீண்டது' என்று குறித்திருந்தேன்.

பக்கத்து நாற்காலியில் இருந்த அக்காவைக் கூப்பிட்டேன். கடலுக்கு அக்கரையில் பிறை என்ற ஊரிலிருந்து வருபவர், இரண்டு பிள்ளைகளின் தாய், எனக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்.

"அக்கா, இதக் கொஞ்சம் பாருங்க."

"என்னா, மேகமா?"

"பனிக்கா."

"அலாமாக்! இவ்ளோ ஐஸா? சீனிப்பாகு ஊத்தி ஐஸ் கச்சாங் கட போட்டா ஊருக்கே குடுக்கலாம் லா."

"இந்தக் கோட்டுல போன வாரம் பச்சையா இருந்திச்சு. மீண்டதுன்னு போட்டேன்."

"நானும் அப்படித்தான் போட்டிருப்பேன். அதுக்கு என்னா இப்ப?"

"அந்தப் பச்ச எங்கக்கா போச்சு?"

"ஐஸுக்கு அடியில போயிருக்கும்."

"மரம் ஐஸுக்கு அடியில போவுமா?"

அக்கா கையிலிருந்த கறிபாப்பைக் கடிக்காமல் திரும்பத் தாளில் வைத்தார்.

படத்தின் தேதியை மாற்றிப் பார்க்கும் வசதி எங்கள் மென்பொருளிலேயே ஒரு மூலையில் இருந்தது. யாரும் தொட்டதில்லை. மணிக்கு இத்தனை கோடு என்று இலக்கு இருக்கும்போது மூலைகளைத் தொட நேரமில்லை. அன்று தொட்டேன். நான் மீண்டது என்று குறித்த கோடுகளைக் குளிர்காலத்தில் திறந்தேன். ஒன்று, இரண்டு, பத்து. எல்லாம் வகிடுதான். ஒரு சிலவற்றில்தான் உண்மையாகவே மரம் நின்றது.

மதியம் சாப்பிடப் போகாமல் அந்தக் காடுகளைப் பற்றி வாசித்தேன். கோட்டில் நாங்கள் பார்த்த பச்சை, ஈரத்தில் வளரும் கோரையும் இடுப்புயரப் புதரும். கனத்த இயந்திரங்கள் சதுப்பு மண்ணை அழுத்தித் தட்டையாக்கிவிட்டதால் தண்ணீர் மேலேயே நிற்கிறது. மரக்கன்று வேர்விட்டாலும் அழுகிப்போகும். அந்தக் குளிரில் என் அப்பா வயதுள்ள ஒரு மரம் என் உயரம்கூட இருக்காதாம். அதோடு முடியவில்லை. அந்தப் புதரைத் தின்ன மூஸ் என்கிற பெரிய மான் வரும். மூஸைத் தேடி ஓநாய் வரும். வந்த ஓநாய் போகிற வழியில் கேரிபூக் கன்றையும் தூக்கும். ஆக நாங்கள் 'இது தேறிவிட்டது, ஆள் அனுப்பத் தேவையில்லை' என்று சொன்ன இடங்கள்தான் ஓநாய்க்கு இலை போட்டு வைத்த இடங்கள்.

இந்தத் தவறை எங்களால்தான் செய்ய முடியும். இங்கே ஒரு நிலத்தை வெட்டிப் போட்டுவிட்டு மூன்று மாதம் திரும்பிப் பார்க்காவிட்டால் லாலாங் புல் தலைக்கு மேல் நிற்கும். ஒரு வருடத்தில் பெலுக்கார் என்கிற புதர்க்காடு, இரண்டு வருடத்தில் அதற்குள் மலைப்பாம்பு. எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் கைவிடப்பட்ட கார் ஒன்றின் இஞ்சினுக்குள்ளிருந்து மரம் வளர்ந்து வெளியே எட்டிப் பார்க்கிறது. பச்சை தெரிந்தால் போதும், மற்றது தானாக வரும் என்பது எங்கள் உடம்பிலேயே ஊறிய நம்பிக்கை. வீட்டில் அம்மாவிடம் இரண்டு கோடைக்காலப் படங்களைக் காட்டிக் கேட்டேன். "பச்சப்பசேர்னு இருக்கு, இதுக்கு என்னாடா கொற?" என்றார்.

கோடுகள் தொகுதி தொகுதியாகத்தான் வரும்; அப்போது பார்த்துக்கொண்டிருந்த தொகுதி வெள்ளிக்கிழமை மாலை மூடப்படும். மூடியபின் எதையும் மாற்ற முடியாது. மீண்டது என்று போனவற்றில் ஒரு மரக்கன்றுகூட நட மாட்டார்கள். முந்தைய தொகுதிகள் ஏற்கெனவே பூட்டப்பட்டுவிட்டன. கையில் இருந்தது இது ஒன்றுதான்.

புதன்கிழமை காலை முதல் வேலையாக டீம் லீடரிடம் போனேன். இந்த ஆபீசுக்கு வருவதற்கு முன் பிறையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை செய்தவர். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது வந்திருப்பேன்.

குளிர்காலப் படங்களைக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார்.

"தம்பி, கிளையண்ட் எந்தப் படத்தப் பாக்கச் சொன்னான்?"

"கோடைக்காலப் படம்ண்ணே."

"நாம எதப் பாக்குறோம்?"

"கோடைக்காலப் படம். ஆனா..."

"போர்டுல ஒரு ஸ்குரூ வையின்னு சொன்னா ஒண்ணுதான் வைக்கணும். நல்லா இருக்கட்டுமேன்னு ரெண்டு வெச்சேன்னு வையி, அதுவும் ரிஜெக்ட்டுதான்."

"இது ஸ்குரூ இல்லண்ணே, காடு."

"உனக்குக் காடு. எனக்கு ஸ்குரூதான் லா. நான் பொய் சொல்லல."

"பச்சையா இருந்தா மீண்டதுன்னு கிளையண்ட் எங்கயுமே எழுதலண்ணே. மரம் திரும்ப வந்திருந்தா மீண்டதுன்னுதான் இருக்கு. பச்சைன்னா மீண்டதுங்கிறது நம்மளா வெச்சுக்கிட்டது."

"நம்மளா இல்ல, தம்பி." அவர் தன் அறையின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே, தண்ணீர் இயந்திரத்துக்கு மேலே இருந்த சுவரைக் காட்டினார். "அத எழுதி ஒட்டினது நீ."

அது உண்மை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம், எல்லாரும் தடுமாறுகிறார்களே என்று ஒரு தாள் தயாரித்தேன். மாதிரிப் படங்கள், அம்புக்குறிகள், வண்ணக் கட்டங்கள். பழுப்பு என்றால் மீளவில்லை, பச்சை என்றால் மீண்டது. யாரும் கேட்கவில்லை. படித்தவன் என்று காட்டிக்கொள்ள எனக்குக் கிடைத்த முதல் சந்தர்ப்பம் அது. பிளாஸ்டிக் உறைகூட நானே போட்டேன். டீம் லீடர் எல்லாருக்கும் அனுப்பி, "இந்த மாதிரி வேல செய்யணும்" என்று பாராட்டினார். புதிதாக வந்த ஒவ்வொருவரும் அந்தத் தாளைப் பார்த்துத்தான் பழகினார்கள். அக்கா உட்பட.

வெளியே வந்து தாளைக் கிழித்து எடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. யாருக்கும் அது தேவைப்படாத அளவுக்கு மனப்பாடமாகியிருந்தது. புதிய தாள் ஒட்டப் போனபோது டீம் லீடர் தடுத்தார். கிளையண்டிடம் கேட்காமல் விதியை மாற்ற முடியாது. கேள்வியை அனுப்பி வைக்கிறேன், பதில் வரட்டும் என்றார். அனுப்பவும் செய்தார். அங்கே அப்போது இரவு.

நான் என் பங்கில் திருத்தத் தொடங்கினேன். குளிர்காலப் படத்தைப் பார்த்து, மரம் இல்லாதவற்றை 'மீளவில்லை' என்று மாற்றினேன். மற்ற இருவரும் பச்சையைப் பார்த்து 'மீண்டது' என்று குத்தியிருப்பார்கள். இரண்டுக்கு ஒன்று, நான் தோற்றேன். புதன் மதியத்துக்குள் என் பட்டை மஞ்சள். வியாழன் காலை சிவப்பு. நானே சொல்லிக் கொடுத்த பாடத்தை வைத்து எல்லாரும் என்னைத் தோற்கடித்துக்கொண்டிருந்தார்கள். யாரையும் நொந்துகொள்ளவும் முடியவில்லை.

இன்னொரு ஓட்டு வேண்டும். வியாழன் மதியம் மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அக்காவிடம் போனேன்.

"அக்கா, நீங்களும் தேதிய மாத்திப் பாத்துட்டுப் போட்டா நாம ரெண்டு பேரு ஆயிடுவோம்."

"நீ சொல்றது சரி தம்பி. நான் இல்லேன்னு சொல்லல. ஆனா சரியாப் போட்டா செவப்பு வரும். அடுத்த மாசம் எனக்குக் கான்ட்ராக்ட் முடியுது. செவப்பு இருந்தா புதுப்பிப்பானா?"

"அந்தக் கன்னுக்குட்டிங்க பாவம்க்கா."

"பாவந்தான். அந்தக் கேரிபூ வந்து எம் பிள்ளைங்கள ஸ்கூலுக்கு ஏத்திக்கிட்டுப் போவுமா? ஒனக்கு என்னா, ஒத்த ஆளு. கேரிபூ என்னா ஒன் மாமன் மகளா, இப்படி உருகுற?"

அதோடு நான் சிரித்துவிட்டு வந்திருக்க வேண்டும். வாய் சும்மா இருக்கவில்லை.

"அப்ப தப்புன்னு தெரிஞ்சே போடுவீங்களாக்கா?"

அக்கா சோற்றுப் பாத்திரத்தை மூடினார்.

"தெரியாம எட்டு மாசம் போட்டவன் நீ. நீ எழுதி ஒட்டினதப் பாத்துதான் நானே படிச்சேன். மொதல்ல அந்தக் கணக்க முடிச்சிட்டு எங்கிட்ட வா."

அன்று முழுவதும் அவர் என் பக்கம் திரும்பவில்லை. மாலை ஃபெர்ரியில் மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே நின்றபடி, அவர் சொன்னதற்குப் பதில் ஒன்று தேடிக்கொண்டே வந்தேன். பட்டர்வொர்த் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணி இருக்கும். அக்கா திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"அந்தத் தேதி எங்க மாத்துறது?"

காட்டினேன். சிறிது நேரம் கழித்து, பாதி எனக்கும் பாதி திரைக்குமாகச் சொன்னார். "நேத்து நீ போனதுக்கப்புறம் ஒண்ணே ஒண்ணு தொறந்து பாத்தேன். பாக்காம இருந்திருக்கலாம். இப்ப எதப் பாத்தாலும் அடியில என்னா இருக்குன்னே தோணுது. சனியன்."

மதியச் சாப்பாட்டுக்கு நாங்கள் எழுந்திருக்கவில்லை. அக்கா நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை மேசையிலேயே பிரித்து வைத்துக்கொண்டு ஒரு கையால் பொத்தான்களைக் குத்திக்கொண்டிருந்தார். ஆனால் எந்தக் கோட்டை யாருக்கு அனுப்புவது என்பது கணினியின் இஷ்டம். எனக்கு வருவது அவருக்கு வராது, அவருக்கு வருவது எனக்கு வராது. எப்போதாவதுதான் ஒரே கோடு இருவருக்கும் வரும். கோட்டின் எண்ணை மெல்லச் சொல்லி அதைச் சரிபார்த்துக்கொண்டோம். அப்படிப் பேசிக்கொள்ளக் கூடாது என்பது விதி. ஐந்து மணிக்குத் தொகுதி மூடியது. எங்கள் இரண்டு ஓட்டும் சேர்ந்து மாறிய கோடுகள் பதினொன்று. மற்றவை எல்லாம் மீண்டுவிட்டதாகப் போய்ச் சேர்ந்தன. அக்காவின் பட்டை மஞ்சளில் நின்றது.

"பதினொண்ணு" என்றேன்.

"பதினொண்ணுக்கு எம் பட்ட போச்சு" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

திங்கட்கிழமை கிளையண்டின் பதில் வந்திருந்தது. டீம் லீடர் என்னைக் கூப்பிட்டுத் தன் திரையில் காட்டினார். உங்கள் கவனிப்பு மிகவும் பயனுள்ளது, எங்கள் குழுவிடம் பகிர்ந்துகொண்டோம், ஆனால் எல்லாத் தொகுதிகளும் ஒரே முறையில் இருக்க வேண்டியிருப்பதால் இப்போதைக்கு மாற்றம் வேண்டாம், பிற்காலத்தில் பரிசீலிப்போம், நன்றி.

"பாத்தியா? தேங்க்யூ சொல்லிட்டான். கேஸ் குளோஸ்."

"தேங்க்யூவக் கொண்டுபோயி நட முடியாதுண்ணே."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "இன்னொரு விஷயம். நீ செவப்புல இருக்க. மறுபயிற்சித் தேர்வு எழுதணும். பாஸ் பண்ணலன்னா வேற புராஜெக்ட்டுக்கு மாத்தணும்னு ரூல்."

"எந்த புராஜெக்ட்?"

"பார்க்கிங்ல நிக்கிற காடி எண்றது." குரலைத் தாழ்த்தினார். "தம்பி, நீ நல்ல பையன். ஒன்னக் காடி எண்ண அனுப்ப எனக்கு மனசு இல்ல. என்னா பதில் கேக்குறாங்களோ அத மட்டும் போட்டுட்டு வா."

சின்ன அறை, ஒரு கணினி, இருபது படங்கள். சரியான விடைகள் எங்கிருந்து வந்தவை என்று எனக்குத் தெரியும். பழைய தொகுதிகளில் பெரும்பான்மை சொன்னவை. அதாவது நாங்கள் சொன்னவை. அதாவது நான். எல்லாமே கோடைக்காலப் படங்கள், தேதி மாற்றும் வசதி இல்லை. முதல் பச்சைக் கோடு வந்தபோது கை பொத்தானுக்கு மேல் நின்றது. சரியாகப் போட்டால் நாளையிலிருந்து ஏதோ ஒரு பேரங்காடியின் வாசலில் நிற்கும் கார்களைப் படத்தில் எண்ணுவேன்; அக்கா தனி ஆளாகிவிடுவார். தவறாகப் போட்டால் இந்த நாற்காலி இருக்கும்.

'மீண்டது' என்று அழுத்தினேன். அடுத்ததையும். ஒரு படத்தில் தண்ணீர் மினுமினுப்பதுகூடத் தெரிந்தது. அங்கே மரம் இருக்க வாய்ப்பே இல்லை. அதையும் அழுத்தினேன். எட்டு மாதம் தெரியாமல் அழுத்தியபோது இவ்வளவு நேரம் பிடித்ததில்லை.

இருபதுக்கு இருபது. டீம் லீடர் முதுகில் தட்டி, "சொன்னேன்ல, ஒனக்கு மூள இருக்கு" என்றார். கையைத் தட்டிவிட வேண்டும் போல இருந்தது. "தேங்க்ஸ்ண்ணே" என்றேன்.

அன்று மதியமே புதிய தொகுதி திறந்தது. விதி அதேதான். முதல் கோடு, நல்ல பச்சை. தேதியை மாற்றினேன். வெள்ளை, இரு பக்கமும் மரம், நடுவில் ஒன்றுமில்லை. 'மீளவில்லை' என்று போட்டேன். அக்கா கோட்டின் எண்ணைக் கேட்டார், சொன்னேன். "எனக்கு வரல" என்றார். அடுத்ததும் அவருக்கு வரவில்லை. அதற்கடுத்ததும்.

இரண்டு பேர் போதாது. எழுந்து நின்று ஹாலைப் பார்த்தேன். எங்கள் இருவரையும் விட்டால் பதினாறு முதுகுகள். கைகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. மிக அருகில் இருந்தவர் ஒரு நடுவயது மலாய்க்காரர், எட்டு மாதத்தில் அவரிடம் தலையாட்டியதைத் தவிர ஒன்றும் பேசியதில்லை. அவர் பக்கத்தில் போய் நின்று, ஒரு படம் காட்ட வேண்டும், ஒரு நிமிடம் கிடைக்குமா என்று மலாயில் கேட்டேன்.

கிடைக்காது, இலக்கு முடியவில்லை என்றார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இலக்கு முடியட்டும், காத்திருக்கிறேன் என்று காலியாக இருந்த நாற்காலி ஒன்றை அவர் மேசையருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.